நான் நீந்தாத இரண்டு மைல்

1

பாடசாலையிலிருந்து பிரெஞ்சில் வரும் படிவங்களை மகள் நிரப்புவாள். நான் கையெழுத்து வைப்பேன். இது எங்கள் வீட்டு வழக்கம். பன்னிரண்டு வயதுப் பிள்ளையை நம்பியா குடும்ப நிர்வாகம் நடக்கிறது என்று ஊரில் இருக்கும் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். மொன்ட்ரியாலுக்கு வந்து பதினாறு வருடமாகியும் என் பிரெஞ்சு வணக்கம், நன்றி, 'இந்தப் பெட்டி யாருடையது' என்ற மூன்றையும் தாண்டி அதிகம் போகவில்லை. டோர்வல் விமான நிலையத்தில் பயணப்பெட்டி ஏற்றி இறக்குகிறவனுக்கு அதுவே தாராளம். அந்த விமான நிலையத்துக்குப் புதுப்பெயர் வைத்து இரண்டு வருடமாகிறது. எங்கள் ஆட்களில் ஒருவர்கூட அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை.

போன ஜனவரியில் ஒருநாள் வேலைக்கு ஓடுகிற அவசரத்தில், மகள் மெலனி நீட்டிய தாளைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். இரண்டு கிழமை கழித்துப் பாடசாலையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. என் மனைவி றெஜினா கார்தெறி என்று இங்கே சொல்லும் சிறுவர் பராமரிப்பு நிலையத்தில் வேலை செய்கிறாள். அவளுக்குப் பிரெஞ்சு நன்றாக ஓடும். கடிதத்தை வாசித்துவிட்டு என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"உங்களுக்கு நன்றி சொல்லி எழுதியிருக்கினம்."

"எனக்கோ? ஏன்?"

"ஜூன் மாசம் ஆறாம் வகுப்புப் பிள்ளையளை லோறன்ரியன் மலைப்பக்கம் ஏரிக்குக் கூட்டிக்கொண்டு போகினமாம். தண்ணியிலை நிண்டு பிள்ளையளைப் பாக்கிறதுக்கு, நல்லா நீந்தத் தெரிஞ்ச தகப்பன் ஒருத்தர் வாறாராம்." கடிதத்தை மேசையில் வைத்தாள். "அது நீங்களாம்."

படிவத்தில் 'நீந்தத் தெரியுமா' என்ற கேள்விக்கு 'ஆம்' என்று மெலனி அடையாளம் போட்டிருக்கிறாள். அவள்மீது பிழை இல்லை. அவளுக்குத் தெரிந்த உண்மையை எழுதியிருக்கிறாள். எனக்கு நீந்தத் தெரியாது என்பது இந்தக் கண்டத்தில் றெஜினாவுக்கு மட்டும்தான் தெரியும்.

"வாளியாலை அள்ளிக் குளிச்ச மனுசன்," என்று சொல்லிவிட்டு அவள் சோற்றை வடிக்கப் போய்விட்டாள்.

2

அந்தப் பொய் பிறந்த இடம் வன்கூவரில் ஒரு ஹோட்டல் நீச்சல் குளம். விமான நிறுவனத்தில் வேலை செய்வதால், இருக்கை மீதி இருந்தால் எங்கள் குடும்பம் மலிவாகப் பறக்கலாம். மெலனிக்கு ஆறு வயதாக இருக்கும்போது அப்படித்தான் போனோம். அவள் நீச்சல் வகுப்பில் சேர்ந்த புதிது. தண்ணீரில் நின்றுகொண்டு, "அப்பா, உங்களுக்கு நீந்தத் தெரியுமோ?" என்று கேட்டாள்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல்தான். ஆனால் அந்தப் பிள்ளை அண்ணாந்து பார்த்த பார்வையில் எனக்குப் புத்தி கெட்டுப்போயிற்று. "தெரியுமோவோ? அப்பா கடலிலை இரண்டு மைல் நீந்தினனான்," என்றேன்.

யாழ்ப்பாணத்தில் எந்தப் பக்கம் நடந்தாலும் கடல் வரும் என்பது உண்மை. அதற்காக எல்லோரும் நீந்துவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். நாங்கள் புகையிலைத் தோட்டக்காரர். எங்களுக்குத் தண்ணீர் என்றால் கிணறும் வாய்க்காலும். கீரிமலைக் கேணிக்குப் போனாலும், மற்றப் பெடியன்கள் மேலிருந்து குதிக்க, நான் கடைசிப் படியில் இருந்து தலைக்கு அள்ளி ஊற்றிக்கொண்டு வருவேன்.

ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் அதற்குச் சாப்பாடு போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு பயணத்திலும் ஒரு புதுக் குளம், ஒரு புதுச் சாட்டு. ஹலிபக்ஸில் காதுவலி. கல்கரியில் இப்போதுதான் சாப்பிட்டேன். ரொறொன்ரோவில் நீச்சல் காற்சட்டையை மறந்துபோனேன், அதைக் கேட்டு ஹோட்டல்காரர் ஒன்றை இரவல் தந்தார், உடனே வயிற்றுவலி. கரைக் கதிரையில் துவாயோடு இருந்து என் பிள்ளை நீந்துவதைப் பார்த்த அந்த ஆறு வருடமும் எனக்கு உள்ளே குறுகுறுத்துக்கொண்டே இருந்தது.

ஊரில் இந்தப் பொய் ஒரு மணித்தியாலம் தாங்காது. யாராவது ஒரு மாமா வந்து, "இவனோ? தண்ணியைக் கண்டால் ஓடுறவன்," என்று போட்டுடைத்துவிடுவார். இங்கே அப்படி ஒருவரும் இல்லை. வெளிநாட்டில் நாங்கள் எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதைகளில் நாங்கள் எல்லோரும் கெட்டிக்காரர், எல்லோரும் வீரர்.

ஆனால் இப்போது இருபத்தாறு பிள்ளைகளைத் தண்ணீரில் என்னை நம்பி விடப்போகிறார்கள். ஜூனுக்கு ஐந்து மாதம் இருந்தது. உண்மையைச் சொல்வதைவிட நீந்தப் பழகுவது சுலபம் என்று எனக்குத் தோன்றியது. இப்படி யோசிக்கிறவனை என்ன சொல்வது.

3

பியர்பொன்ட்ஸில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே குளம் இருக்கிறது. அங்கே போனால் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு முன்னர் கோயில் முழுக்கத் தெரிந்துவிடும். ஆகவே நகரத்தின் மறுகரையில், மொன்ட்ரியால்-நோரில், தெரிந்த முகம் வராத ஒரு குளத்தைத் தேடிப் பிடித்தேன். சனிக்கிழமை காலை பத்து மணி. பெரியவர்களுக்கான தொடக்க வகுப்பு. மெலனியிடம் மேலதிக வேலை என்று சொன்னேன். ஒன்றை மூட இன்னொன்று.

முதல் சனிக்கிழமை என்னை வாசலிலேயே மறித்துவிட்டார்கள். தலைக்கு இறப்பர் தொப்பி வேண்டும். எனக்கு மயிர் எவ்வளவு மிச்சம் என்று குனிந்து காட்டினேன். வாசலில் இருந்த பெண் இரக்கமில்லாமல் ஒரு தொப்பியை எடுத்து விற்றாள். அதை மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன். உரித்த வெங்காயம்.

இரண்டாவது சனிக்கிழமைதான் பெரிய கூத்து. சனிக்கிழமை என்றால் எனக்கு நல்லெண்ணெய் முழுக்கு. பனி விழுந்தாலும் தலையிலிருந்து கால்வரை தேய்த்து, அரை மணித்தியாலம் ஊறவிட்டுத்தான் குளிப்பேன். முதல் கிழமை பதற்றத்தில் மறந்துவிட்டேன். இந்தக் கிழமை மறக்கவில்லை. எப்படியும் தண்ணீரில்தானே இறங்கப் போகிறோம், வீட்டில் ஒருதரம் அங்கே ஒருதரம் எதற்கு என்று, எண்ணெயோடேயே உடுப்பை மாட்டிக்கொண்டு காரில் ஏறினேன். நெடுஞ்சாலையில் அது நன்றாக ஊறியது. குளத்துக்கு முன்னால் இருந்த ஷவரில் பேருக்கு நனைந்துவிட்டு இறங்கினேன்.

மூன்று நிமிடம் இருக்கும். என்னைச் சுற்றித் தண்ணீரில் வானவில் நிறத்தில் ஒரு படலம் மெல்ல விரிந்தது. கரையில் நின்ற காவல்காரப் பெட்டை விசிலை ஊதினாள். எல்லோரையும் வெளியே ஏறச் சொன்னாள். எட்டுப் பேரும் துவாயைச் சுற்றிக்கொண்டு நடுங்கியபடி நின்றோம். எனக்குப் பக்கத்தில் வெள்ளைத் தொப்பி போட்ட ஓர் அம்மா, அறுபதை நெருங்கும் வயது, மூக்கை உறிஞ்சினார். பிறகு சென்னைத் தமிழில் மெதுவாகக் கேட்டார்:

"சார், நல்லெண்ணெய் வாசனை வருதே. நீங்களா?"

எனக்கு அந்த இடத்திலேயே நிலம் பிளந்திருக்கலாம் போலிருந்தது. "ஓம்," என்றேன்.

"இன்னிக்கு சனிக்கிழமை. அதான்," என்று சொல்லிவிட்டு அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பு நிற்கப் பல நிமிடமாயிற்று.

அவர் பெயர் வசந்தா. முப்பது வருடமாக இங்கே பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படிப்பிப்பவர். "தினமும் யூனிவர்சிட்டி நீச்சல் குளத்தைத் தாண்டித்தான் கிளாசுக்குப் போவேன். ஒருநாள்கூட இறங்கினதில்ல. அங்க கத்துக்கிட்டா ஸ்டூடண்ட்ஸ் எல்லாம் பாப்பாங்கல்ல? அதான் இவ்ளோ தூரம்," என்றார். ஒளிந்து பழக வந்தவன் நான் மட்டும் இல்லை என்று தெரிந்ததும் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

பொறுப்பாளர் ஒரு சம்பவ அறிக்கையோடு வந்தார். தண்ணீரில் கலந்த பொருள் என்ன, எவ்வளவு, என்ன காரணம். வசந்தா அம்மா மொழிபெயர்த்து நிரப்பினார்.

"காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. என்ன போடட்டும்?"

"சனிக்கிழமை எண்டு போடுங்கோ."

'வாராந்தரக் குடும்ப வழக்கம், இனி நடக்காது' என்று அவர் எழுதினார். வரி வரியாக அர்த்தம் கேட்டுத்தான் அதில் கையெழுத்து வைத்தேன்.

4

நாற்பத்துநான்கு வயதில் மிதக்கப் பழகுவது ஒரு வெட்கக்கேடு. முகத்தைத் தண்ணீரில் வைத்து மூச்சை வெளியே விடச் சொல்வார்கள். நான் உள்ளே இழுப்பேன். குளோரின் தண்ணீர் மூக்கால் ஏறி மண்டை எரியும். கால்கள் கல்லாகத் தாழும். ஆனாலும் ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை. மார்ச் கடைசியில் பத்து மீற்றர் வந்தது.

அந்த நாட்களில் மெலனி வீட்டில் கதைப்பது குறைந்துபோயிற்று. பாடசாலையால் வந்ததும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவாள். கேட்டால் பிரெஞ்சில் ஒற்றைச் சொல்லில் பதில். பன்னிரண்டு வயது, இந்த நாட்டுப் பிள்ளை, இனி இப்படித்தான் விலகிப் போவாள் என்று நானும் றெஜினாவும் எங்களைத் தேற்றிக்கொண்டோம். எனக்கு மட்டும், அந்த ஏரிக்கரையில் பிள்ளைக்கு முன்னால் ஒருதரம் நீந்திக் காட்டிவிட்டால் எல்லாம் சரிவரும் என்று ஓர் எண்ணம்.

ஈஸ்டருக்கு மறுபடி ஹலிபக்ஸ் போனோம். பழைய ஹோட்டல், கீழ்மாடியில் சின்னக் குளம். காலை ஆறு மணிக்குத் தாயும் மகளும் நித்திரையாக இருக்கும்போது மெல்ல இறங்கிப் போனேன். ஒருவரும் இல்லை. கரையில் '5' என்று எழுதியிருந்தது. மொன்ட்ரியால் குளத்தில் எல்லாம் மீற்றர். ஐந்து மீற்றர் ஆழம் என்றே நினைத்தேன். ஏணிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கால் மணித்தியாலம் தொங்கினேன். கை வழுக்கிக் கால் கீழே போனபோதுதான் அடி தட்டுப்பட்டது. ஐந்து அடி. தண்ணீர் என் நாடிவரைக்கும்தான்.

பிறகு ஒரு மூச்சு எடுத்துத் தள்ளிவிட்டேன். கையும் காலும் சொன்னபடி கேட்டன. மறு சுவரை என் விரல் தொட்டது, பதினைந்து மீற்றர். திரும்பி வந்தேன். பிறகும் போனேன். யாரும் சொல்லித்தர இல்லாமல், விசில் இல்லாமல், தெரியாத ஓர் ஊரின் தண்ணீரில் நான் நீந்தினேன். எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

ஈரத் தலையோடு மின்தூக்கியில் ஏறும்போதுதான் இதைப் பிள்ளையிடம் சொல்ல முடியாது என்பது உறைத்தது. அவள் கணக்கில் நான் எப்போதோ இரண்டு மைல் நீந்தியவன். பதினைந்து மீற்றரைச் சொல்லி அவளிடம் என்ன பெருமைப்படுவது. பொய்யால் எனக்கு வந்த முதல் நட்டம் அதுதான் என்று நினைக்கிறேன். அன்று மத்தியானம் கடற்கரைக்குப் போனோம். நான் முழங்கால்வரை இறங்கினேன். அலை இழுத்த இழுப்பில், என் பதினைந்து மீற்றர் அங்கே ஒன்றுக்கும் காணாது என்று விளங்கியது.

5

மே கடைசியில் என்னால் இருபது மீற்றர் நீந்த முடிந்தது. இடைவேளையில் ஏரிப் பயணத்தைப் பற்றி வசந்தா அம்மாவிடம் முழுவதையும் சொன்னேன். அவர் இந்தமுறை சிரிக்கவில்லை.

"சார், ஒரு குழந்தை முங்கினா உங்களால தூக்க முடியுமா?"

"ஏலாது."

"அப்போ இது உங்க மானப் பிரச்சினை இல்ல. அந்தப் பிள்ளைங்க உயிர். இன்னிக்கே போன் பண்ணிடுங்க."

அன்றைக்குச் சனிக்கிழமை. திங்கட்கிழமைவரை எனக்குச் சோறு இறங்கவில்லை. சொல்லவேண்டியதைப் பிரெஞ்சில், ஆனால் தமிழ் எழுத்தில், றெஜினா ஒரு தாளில் எழுதித் தந்தாள். வேலையிடத்து ஓய்வறையிலிருந்து வகுப்பாசிரியை மதாம் இசபெல்லை அழைத்து அப்படியே வாசித்தேன். எனக்கு நீந்தத் தெரியாது, படிவம் பிழை, மன்னிக்க வேண்டும். பரவாயில்லை, ஏரியில் உயிர்காப்பாளர் இரண்டுபேர் இருக்கிறார்கள், இன்னொருவரையும் ஒழுங்குசெய்கிறேன், நீங்கள் கரையில் இருந்து தலைகளை எண்ணுங்கள், கட்டாயம் வாருங்கள் என்று எனக்கு விளங்கும்படி மெதுவாகச் சொன்னார்.

முழுப் பேச்சும் இரண்டு நிமிடம். தொலைபேசியை வைத்துவிட்டு வேலைக்குத் திரும்பினேன். அன்றைக்கு ஏற்றிய பெட்டி ஒன்றிலும் எனக்குப் பாரம் தெரியவில்லை.

ஆனால் மெலனிக்குச் சொல்லவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளி, பயணநாளே வந்துவிட்டது.

6

ஏரித் தண்ணீர் தேயிலைச் சாயம் போல இருந்தது. அடி தெரியவில்லை. கயிறு கட்டிய எல்லைக்குள் பிள்ளைகள் இறங்க முன்னர், ஐந்தாறு பேர் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். மெலனியின் அப்பாதான் இவர் என்று ஒருவரை ஒருவர் இடித்தார்கள். சுருட்டைமுடிப் பெண்பிள்ளை ஒருத்தி கேட்டாள்: நீங்கள் கடலில் மூன்று கிலோமீற்றர் நீந்தினீர்களாமே, சுறா துரத்தினதாமே?

சுறாவை நான் சொல்லவில்லை. அது மெலனியின் சேர்க்கை. தகப்பனைப் பற்றிச் சொல்ல அவளுக்கு என் பொய் போதவில்லை, மேலும் ஒன்று போட்டிருக்கிறாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் முகத்தில் பெருமை. மாதக்கணக்கில் நான் காணாத முகம் அது. அதைக் கெடுக்க எனக்கு மனமே வரவில்லை. தலையாட்டினால் போதும், ஒருவரும் என்னைத் தண்ணீரில் இறக்கிப் பார்க்கப் போவதில்லை.

"இல்லை," என்றேன் என் உடைந்த பிரெஞ்சில். "நான் பொய் சொன்னேன். எனக்கு நீந்தத் தெரியாது. பெப்ரவரியில்தான் பழகத் தொடங்கினேன். இப்போது இருபது மீற்றர்."

பிள்ளைகள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. சரி என்று தண்ணீருக்கு ஓடிவிட்டார்கள். மெலனி மட்டும் நின்றாள். முகம் சிவந்து போயிற்று. திரும்பி நடந்து தண்ணீரில் இறங்கினாள். நான் கரையில் இருந்து பிள்ளைகள் போட்டிருந்த சிவப்புத் தொப்பிகளை எண்ணினேன். இருபத்தாறு. திரும்பத் திரும்ப எண்ணினேன். இருபத்தாறில் ஒன்று ஒருதரமும் என் பக்கம் திரும்பவில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அவள் வந்து, எனக்கும் தனக்கும் நடுவில் ஓர் ஆள் இருக்கக்கூடிய இடம் விட்டு இருந்தாள். சாண்ட்விச்சைப் பிரித்தாள், கடிக்கவில்லை.

"வேறை என்ன?" என்றாள்.

"என்ன, வேறை?"

"வேறை என்ன பொய் சொல்லியிருக்கிறீங்கள்?"

நான் யோசித்தேன். இனி மறைத்து என்ன. "படிக்கிறதுக்குக் கம்பஸுக்கு எடுபட்டனான், சண்டையாலை போக ஏலாமல் போச்சு எண்டு சொன்னனான்தானே? எடுபடேல்லை. சோதனை பெயில்."

"எந்தச் சோதனை?"

"கடைசிச் சோதனை. கணக்குப் பாடம். ரெண்டு தரம்."

அவள் புல்லை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். பிறகு ஏரியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"மார்ச்சிலை ஒரு மத்ஸ் டெஸ்ட். வீட்டிலை கையெழுத்து வாங்கிக்கொண்டு வரச் சொன்னவை. நான் உங்கடை கையெழுத்தை வைச்சிட்டன்."

"ஏன் பிள்ளை? நீ எதைத் தந்தாலும் நான் வாசிக்கிறேல்லையே."

"இலக்கம் வாசிப்பீங்கள்தானே." இன்னொரு புல்லைப் பிடுங்கினாள். "உங்களுக்கு எல்லாம் வந்தது. கடல், கம்பஸ், எல்லாம். எனக்கு மட்டும் ஒண்டும் வரேல்லை எண்டு நினைச்சன்."

மகள் கள்ளக் கையெழுத்து வைத்ததற்கு எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்தச் சாத்திய கதவுக்குள் என் பிள்ளை இவ்வளவு நாளும் என் பொய்யோடு போட்டிபோட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் அதைச் சொல்லிவிட்டாள் என்பது பெரிய ஆறுதலாகவும் இருந்தது.

"எவ்வளவு?" என்றேன்.

"நாப்பத்தொண்டு. அறுபது எடுத்தாத்தான் பாஸ்."

"எனக்கு இருபத்தொண்டு."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சிரிப்பு வெடித்தது. எனக்கும் வந்துவிட்டது. மதாம் இசபெல் தூரத்திலிருந்து எங்களைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பினார்.

சாப்பிட்ட பிறகு, தலை எண்ணும் தாளை மதாமிடம் கொடுத்துவிட்டு, மகளோடு கயிற்றுக்குள் இறங்கினேன். உயிர்காப்பாளர் பார்த்துக்கொண்டு நின்றார். இருண்ட தண்ணீர், காலுக்குக் கீழே சேறு, குளிர். அவள் எனக்குப் பக்கத்திலேயே, நான் மூச்சுக்குத் தலை தூக்கும்போதெல்லாம் தெரியும்படி நீந்தினாள். இருபது மீற்றர் சரியாக வந்ததோ தெரியாது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் இளைத்தேன், அவளுக்கு இளைக்கவில்லை.

"இருபத்தொண்டு முதல் தரமோ, ரெண்டாந் தரமோ?" என்று கேட்டாள்.

"ரெண்டாந் தரம்."

"அப்ப முதல் தரம் எவ்வளவு?"

ஊரை விட்டு வந்து இத்தனை வருடத்தில் அதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை.

"பதினேழு," என்றேன். "அது அம்மாவுக்கும் தெரியாது."

"நான் சொல்லுவன்."

"சொல்லு," என்றேன்.